வரம்பு யாருக்கு? தேர்தல் பத்திரம் போன பிறகு நம் முன் இருக்கும் வழிகள்

2019 மக்களவைத் தேர்தலில் எனக்குக் கிடைத்த பணி கணக்குக் குழுவில். பகலில் வீடியோ குழு எடுத்து வந்த பதிவுகளைச் சாயங்காலம் உட்கார்ந்து பார்ப்போம். எத்தனை நாற்காலி, எத்தனை கொடி, எத்தனை வேன் என்று எண்ணி, மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்ட விலைப் பட்டியலோடு பெருக்கி, வேட்பாளரின் நிழல் பதிவேட்டில் (அவர் காட்டும் செலவுக் கணக்கோடு ஒப்பிட நாங்கள் வைத்திருக்கும் பதிவேடு) எழுதுவோம். டீக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை. எல்லாம் பட்டியலில் உண்டு.

ஒரு நாள் பெரிய தலைவர் ஒருவர் வந்துபோன கூட்டத்தின் பதிவு வந்தது. மைதானம் நிறைய ஆட்கள். ராட்சத எல்.இ.டி. திரைகள், ஆயிரக்கணக்கில் நாற்காலிகள். நான் எண்ணத் தொடங்கியதும் பக்கத்திலிருந்த அனுபவசாலி, "முதல்ல வேட்பாளர் மேடையில இருக்காரான்னு பாருங்க சார்" என்றார். பார்த்தோம், இல்லை. பேனரில் அவர் படம் இல்லை. தலைவரும் கடைசி வரை அவர் பெயரைச் சொல்லவில்லை, சின்னத்துக்குத்தான் ஓட்டுக் கேட்டார். "அப்ப இது கட்சிச் செலவு. நம்ம கணக்குல வராது." பதிவேட்டை மூடிவிட்டு அடுத்த வீடியோவைப் போட்டோம். அது ஒரு சுயேச்சையின் தெருமுனைக் கூட்டம். இருபது நாற்காலி, ஒரு மைக் செட். அதை ஒன்றுவிடாமல் எழுதினோம்.

அன்றிலிருந்து மனதில் இருக்கும் கேள்வி இதுதான்: தேர்தல் பணத்துக்கு வரம்பு போடுவதென்றால் யாருக்குப் போடுவது? கொடுப்பவருக்கா, வாங்கும் கட்சிக்கா, களத்தில் செலவழிக்கும் வேட்பாளருக்கா? 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை, அதாவது ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்கும் ஏற்பாட்டை, ரத்து செய்தபோது இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் பதில் தேடும் என்று நம்பினேன். தேடவில்லை. பத்திரம் போனது, அதற்கு முன்பிருந்த பழைய ஏற்பாடு திரும்பி வந்தது, அவ்வளவுதான். 2029-ல் அடுத்த மக்களவைத் தேர்தல். அதற்குள் வேறு ஏற்பாடு வேண்டுமென்றால் நம் முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைக் கேட்பது என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் பத்திரம் எதைக் காட்டிக்கொடுத்தது என்று பார்த்துவிடலாம். 2018 முதல் 2024 ஜனவரி வரை 30 தவணைகளில் 16,518 கோடி ரூபாய்க்கு ஸ்டேட் வங்கி பத்திரம் விற்றது. 1,000 ரூபாய்க்கும் பத்திரம் உண்டு, சாமானியரும் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய விவரம் வெளியானபோது பா.ஜ.க.வுக்கு மட்டும் 6,000 கோடிக்கு மேல் போயிருந்தது தெரிந்தது. நம் ஊர்க் கணக்கும் உண்டு. திமுக பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. பத்திரத்தை வாங்குவதே இல்லை என்று ஒதுங்கி நின்று, வழக்கும் போட்டது மார்க்சிஸ்ட் கட்சி.

இந்த எண்களில் என்னை அதிகம் உறுத்துவது ரகசியம்கூட இல்லை, அளவுதான். ஒரு கட்சிக்கு ஒரே நிறுவனம் 509 கோடி கொடுத்தால், அதை வெளிச்சத்தில் கொடுத்தாலும் இருட்டில் கொடுத்தாலும், அந்த நிறுவனத்தின் போன் வந்தால் எடுக்காமல் இருக்க முடியுமா? இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேட்பாளருக்கு வரம்பு: இப்போது இருப்பது

தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம். சிறிய மாநிலங்கள் சிலவற்றில் 75 லட்சம். 2022 ஜனவரியில் இப்படி உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 6 ரூபாய்கூட வரவில்லை. இலங்கையில் 2023-ல் தேர்தல் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து, 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். அது வேறு நாணயம், வேறு வகைத் தேர்தல், நேராக ஒப்பிட முடியாது. ஆனால் வாக்காளர் எண்ணிக்கையோடு வரம்பைக் கட்டுவது நல்ல முறை. நம்முடைய 95 லட்சம் 14 லட்சம் பேருள்ள தொகுதிக்கும் அதேதான், 20 லட்சம் பேருள்ள தொகுதிக்கும் அதேதான்.

பெரிய கோளாறு வேறு. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்று தெளிவாகச் சொன்னது. அது நிலைத்திருந்தால் நான் அன்று அந்த மைதானத்து நாற்காலிகளை எண்ணியிருப்பேன். தீர்ப்பு வந்த சூட்டோடு அரசு அவசரச் சட்டம் போட்டுக் கட்சிச் செலவை வெளியே எடுத்துவிட்டது. 2003-ல் அந்தச் சலுகையைச் சுருக்கினார்கள். ஆனாலும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு இன்றும் வேட்பாளர் கணக்குக்கு வராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேரை அப்படி அறிவித்துக்கொள்ள அனுமதி. வேட்பாளர் பெயரில்லாத பொதுப் பிரசாரம் மொத்தமும் கட்சிக் கணக்கு.

இந்த வரம்பை எடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பறக்கும் படையும் செலவினப் பார்வையாளரும் இருப்பதால் சுவரெழுத்தும் கட்-அவுட்டும் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் பணத்தின் செல்வாக்கைக் கட்டுப்படுத்த இதை நம்பிப் பயனில்லை. நாற்காலியை எண்ணி ஜனநாயகத்தைக் காப்பாற்ற முடியாது என்று அந்த இரண்டு மாதத்தில் எனக்குப் புரிந்தது.

கட்சிக்கு வரம்பு: பிரிட்டன் வழி

பிரிட்டனில் 2000-ல் வந்த சட்டம் கட்சியின் தேர்தல் செலவுக்கே உச்சவரம்பு வைத்தது. போட்டியிடும் தொகுதி ஒன்றுக்கு 30,000 பவுண்டு வீதம். அது 2023 நவம்பரில் 54,010 பவுண்டு ஆனது. எல்லாத் தொகுதியிலும் நிற்கும் கட்சி சுமார் 3.4 கோடி பவுண்டு செலவழிக்கலாம். தேர்தலுக்கு முந்தைய ஓராண்டுச் செலவு இதில் அடங்கும். அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் தொகுதிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்து, எத்தனை தொகுதியில் நிற்கிறார்களோ அத்தனையால் பெருக்கினால் போதும். எளிமையான கணக்கு. எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஆனால் பிரிட்டனில் கொடுப்பவருக்கு வரம்பில்லை. அதனால் என்ன ஆனது? 2023-ல் ஒரே தொழிலதிபரும் அவர் நிறுவனமுமாகச் சேர்ந்து கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தார்கள். கட்சியின் மொத்தத் தேர்தல் செலவு வரம்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. செலவுக்கு மூடி போட்டும் கொடுப்பவரின் பிடி தளரவில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கட்சிப் பணம் கூட்டணிக்குள் கைமாறும். 2019 தேர்தலில் திமுக தன் செலவுக் கணக்கில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாகத் தேர்தல் ஆணையத்திடம் காட்டியது. சட்டப்படி அதில் தவறில்லை. உண்டியல் குலுக்கி நிதி திரட்டிய மரபுள்ள இயக்கங்களே இன்று பெரிய கட்சியின் கையை எதிர்பார்க்கும் நிலை வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். அப்படி வரும் பணம் கொடுக்கும் கட்சியின் வரம்பில் சேருமா, வாங்கும் கட்சியின் வரம்பில் சேருமா? சட்டம் எழுதும்போதே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நிறுவனங்களுக்குத் தடை: ஒருமுறை செய்து பார்த்தோம்

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது நம் சொந்த அனுபவம்.

1969-ல் இந்திரா காந்தி அரசு, நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை அடியோடு தடை செய்தது. நல்ல காரியம்தானே என்று தோன்றும். கூடவே செய்திருக்க வேண்டிய இன்னொரு காரியத்தைச் செய்யவில்லை. தேர்தல் செலவு குறையவில்லை, கட்சிகளுக்கு வேறு வருமானமும் ஏற்படுத்தித் தரவில்லை. காசோலையில் வந்த பணம் பெட்டியில் வர ஆரம்பித்தது. லைசென்ஸும் பர்மிட்டும் அரசின் கையில் இருந்த காலம், பெட்டி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1985-ல் தடையை நீக்கி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தில் அது 7.5 சதவீதம் ஆனது. 2017-ல் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம் என்றானது. 2024 தீர்ப்பு அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்ததால் 7.5 சதவீதம் மறுபடி உயிர் பெற்றது.

சரி, 7.5 சதவீதம் போதாதா? 10,000 கோடி லாபம் சம்பாதிக்கும் குழுமம் 750 கோடி கொடுக்கலாம். 40 லட்சம் லாபம் பார்க்கும் சிறு பட்டறைக் கம்பெனி 3 லட்சம் கொடுக்கலாம். சதவீதத்தில் வைக்கும் வரம்பு சிறியவரைத்தான் கட்டும், பெரியவருக்கு அது திறந்த கதவு. அதோடு இந்தப் பணம் பங்குதாரர்களின் பணம். பிரிட்டனில் 5,000 பவுண்டுக்கு மேல் கொடுக்கப் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். இங்கே இயக்குநர் குழு தீர்மானம் போட்டால் முடிந்தது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போடும் ஒருவர் தனக்குத் தெரியாமலேயே ஏதோ ஒரு கட்சிக்கு நன்கொடையாளர் ஆகிறார்.

ஓட்டுரிமை கம்பெனிக்குக் கிடையாது. அப்படியிருக்க ஓட்டைத் தீர்மானிக்கும் பணத்தை அது எதற்குக் கொடுக்க வேண்டும்? கம்பெனி கொடுக்கும் நன்கொடை பெரும்பாலும் கைம்மாறை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரமே என்ற கருத்தை உச்ச நீதிமன்றமும் பத்திரத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

பிரேசில் இதைச் செய்தது. லாவா ஜாட்டோ ஊழல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, 2015 செப்டம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவன நன்கொடை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. நாம் 1969-ல் விட்டதை அவர்கள் விடவில்லை. 2017-ல் பொதுப்பணத்தில் தேர்தல் நிதி ஒன்றை உருவாக்கினார்கள். அங்கே வந்த புதுத் தலைவலி, நிதியின் அளவைத் தீர்மானிப்பது அதே அரசியல்வாதிகள். 2018-ல் சுமார் 170 கோடி ரியாலாக இருந்த நிதி 2022-ல் ஏறத்தாழ 490 கோடி ரியால் ஆகிவிட்டது. இந்தப் பாடத்தைக் கீழே பொது நிதி பற்றிப் பேசும்போது பயன்படுத்திக்கொள்வோம்.

எல்லாருக்கும் ஒரே வரம்பு: கனடா வழி

கனடாவில் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 2007 முதல் நிறுவனமும் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது. தனிநபர் மட்டும்தான். அவரும் ஒரு கட்சிக்கு ஆண்டுக்கு 2025 கணக்குப்படி 1,750 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. ஆண்டுதோறும் 25 டாலர் கூடும். கியூபெக் மாகாணத் தேர்தல்களில் இன்னும் கறார்: ஆண்டுக்கு 100 டாலர், தேர்தல் ஆண்டில் கூடுதலாக 100. இப்படி இருந்தால் கட்சி எப்படிப் பிழைக்கும்? சிறுநன்கொடைக்கு வரிச்சலுகையை அள்ளிக் கொடுக்கிறார்கள். 400 டாலர் கொடுத்தவருக்கு 300 டாலர் வரியில் கழிகிறது. அதனால் கட்சிகள் பணக்காரர் வீட்டு வாசலில் நிற்பதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான ஆதரவாளர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இங்கே நம் வரிச்சலுகை எப்படி இருக்கிறது பாருங்கள். பழைய வரி முறையில், கட்சிக்குக் கொடுத்த தொகை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டும் ஒருவர் 10 லட்சம் கொடுத்தால் 3 லட்சம் மிச்சம். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத ஆட்டோ ஓட்டுநர் 500 ரூபாய் கொடுத்தால் அவருக்கு ஒன்றுமில்லை. இந்தச் சலுகையை வைத்துப் பிழைக்கும் பெயர்ப்பலகைக் கட்சிகள் வேறு. நன்கொடையைக் காசோலையாக வாங்கி, கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதாகப் புகார் வந்து 2022-ல் வருமான வரித் துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது.

வரம்பு வைத்தால் பினாமி பெயரில் பிரித்துக் கொடுக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். கொடுப்பார்கள். கனடாவிலேயே நடந்தது. எஸ்.என்.சி. லாவலின் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் 2004 முதல் 2011 வரை தன் ஊழியர்களைக் கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. மொத்தம் சுமார் 1.17 லட்சம் டாலர். பிடிபட்டது. கொடுத்தவர் ஒவ்வொருவர் பெயரும் பதிவில் இருந்ததால்தான் நூல் பிடித்துப் போக முடிந்தது. அந்தத் தொகையையும் பாருங்கள். வரம்பு இருந்ததால் ஏழாண்டு ஏமாற்றியும் அவ்வளவுதான் கொடுக்க முடிந்தது. 509 கோடியை இரண்டு லட்சம் ரூபாய்த் துண்டுகளாக்க வேண்டுமானால் 25,000 பேர் பெயர் வேண்டும். அதை யார் கண்ணிலும் படாமல் செய்வது லேசான வேலையா?

அமெரிக்காவை ஒரு எச்சரிக்கையாக மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் வேட்பாளருக்குக் கொடுப்பதற்கு வரம்பு உண்டு, 2023-24-ல் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். ஆனால் 2010-ல் வந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் "தனியாக" செலவழிக்கும் அமைப்புகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம் என்றாகிவிட்டது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போல. வேட்பாளர் அனுமதியில்லாமல் அவருக்காகச் செலவழிப்பதை நம் சட்டம் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத சமூக ஊடகப் பக்கங்கள் தேர்தல் நேரத்தில் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்துக்கும் அதைக் கண்டிப்பாகப் பயன்படுத்தாவிட்டால் நம் வரம்பும் அதே கதிதான்.

வெளிப்படுத்தினால் போதும் என்பவர்கள்

வரம்பெல்லாம் வேண்டாம், யார் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டால் மக்கள் தீர்மானிப்பார்கள் என்று சொல்லும் ஒரு தரப்பு உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம்தான். இப்போதைய ஏற்பாட்டைக் கவனித்த பிறகு மாறிவிட்டேன்.

20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைக் கட்சி ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். ரொக்கமாக ஒருவர் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. 20,000-க்குக் கீழே வந்ததெல்லாம் பெயரில்லாத பணம். பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகளாக 20,000-க்கு மேல் ஒரு நன்கொடைகூட வரவில்லை என்றே கணக்குக் கொடுத்து வந்திருக்கிறது.

காலத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். கணக்கு நிதியாண்டுக்கு ஒருமுறை. 2024 ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் நடந்தபோது கட்சிகளுக்கு வந்த பணம் 2024-25 நிதியாண்டுக் கணக்கில் சேரும். அந்த அறிக்கை வெளியே வந்தது 2025 கடைசியில். ஓட்டுப் போட்டு ஒன்றரை ஆண்டு கழித்து, யார் பணத்தில் அந்தத் தேர்தல் நடந்தது என்று தெரிந்துகொள்வதால் வாக்காளருக்கு என்ன பயன்? பிரிட்டனில் தேர்தல் காலத்தில் வாரம் ஒருமுறை பெரிய நன்கொடைகளை அறிவிக்க வேண்டும். ஜெர்மனியில் 35,000 யூரோவுக்கு மேல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கடைசி 20 நாளில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கும் வேட்பாளர் 48 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். யு.பி.ஐ.-யில் பத்து ரூபாய் டீக்கு நொடியில் ரசீது வரும் நாட்டில், கோடி ரூபாய் நன்கொடைக்கு ஒன்றரை வருடம் ஆவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேர்தல் டிரஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. 2013-ல் வந்த ஏற்பாடு. நிறுவனங்கள் டிரஸ்டுக்குக் கொடுக்கும், டிரஸ்ட் அந்த ஆண்டிலேயே 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். கொடுத்தவர் பட்டியலும் வெளியாகும், வாங்கிய கட்சிகளின் பட்டியலும் வெளியாகும். எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது மட்டும் நடுவில் கலங்கிவிடும். பத்திரத்தை விட மேல், ஆனால் அளவுப் பிரச்சினைக்கு இதிலும் மருந்தில்லை.

பொது நிதி

"என் வரிப்பணத்தை அரசியல்வாதிக்குக் கொடுப்பதா?" இதைச் சொல்லும்போது கோபம் வருவது நியாயம். எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கியது.

1998-ல் இந்திரஜித் குப்தா குழு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசு ஓரளவு உதவலாம், அதையும் பணமாகக் கொடுக்காமல் பொருளாகவும் வசதியாகவும் கொடுக்கலாம் என்றது. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்கு இலவச நேரம் தருவது இந்த வகை உதவிதான். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷி சொன்ன யோசனை எனக்கு அதைவிடப் பிடிக்கிறது: பெற்ற ஓட்டு ஒன்றுக்கு 100 ரூபாய். 2024-ல் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 64 கோடி பேர். ஆக 6,400 கோடி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 1,280 கோடி. மக்களவை உறுப்பினர் ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி வீதம் 543 பேருக்கு 2,715 கோடி ஆகிறது. அதில் பாதிகூட வரவில்லை.

நாம் இப்போது கொடுக்காமலா இருக்கிறோம்? கட்சிகளின் நன்கொடைக்கு வருமான வரி கிடையாது, கொடுப்பவருக்கும் கழிவு உண்டு. அது பொதுப்பணம்தான், பட்ஜெட்டில் பெயர் சொல்லாமல் போகிறது. நெடுஞ்சாலை டெண்டரிலும் சுரங்கக் குத்தகையிலும் கைம்மாறு நடந்தால் அதன் விலை 6,400 கோடியோடு நிற்காது.

நிபந்தனைகள் கறாராக வேண்டும். நிதியின் அளவு ஓட்டு எண்ணிக்கையாலும் விலைவாசிக் குறியீட்டாலும் தானாகத் தீர வேண்டும், நாடாளுமன்றம் வருடாவருடம் கூட்டிக்கொள்ளக் கூடாது; பிரேசில் பாடம் இதுதான். ஜெர்மனியில் கட்சி தானே திரட்டிய தொகையை விட அரசு அதிகம் தராது. இதனால் மக்களிடம் போகாமல் அரசுப் பணத்தில் மட்டும் உயிர் வாழ முடியாது. அதையும் எடுத்துக்கொள்ளலாம். தேசிய அளவில் அரை சதவீத ஓட்டாவது, இல்லையென்றால் ஒரு மாநிலத் தேர்தலில் ஒரு சதவீதமாவது பெற்றால்தான் என்று அங்கே ஒரு தகுதி இருக்கிறது. நமக்கும் மாநில அளவுத் தகுதி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சிறிய மாநிலத்துக் கட்சிகள் அடிபடும். இன்னொன்றும் உண்டு. 2013-ல் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்றது. ஒரு கட்சியும் அடிபணியவில்லை. நிதி வேண்டுமா, சட்டத்துக்குள் வா என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இதன் குறை என்ன? போன தேர்தலில் வாங்கிய ஓட்டுக்கு இந்தத் தேர்தலில் பணம் என்றால் புதிதாக வருபவருக்கு ஒன்றும் இல்லை. இருக்கும் கட்சிகள் கோட்டை கட்டிக்கொள்ளும். சிறுநன்கொடைக்கு இணைத்தொகை தருவது இதை ஓரளவு சரிக்கட்டும். யாரோ 500 ரூபாய் கொடுத்தால் நிதியிலிருந்து இன்னொரு பங்கு சேரும். புதுக் கட்சியும் ஆட்களைத் திரட்டினால் பணம் பெறலாம். ஜெர்மனியில் ஒரு யூரோவுக்கு 45 சென்ட் இப்படித் தருகிறார்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஊரில் இதெல்லாம் எதற்கு?

தமிழ்நாட்டில் யாரிடம் பேசினாலும் வரும் கேள்வி. 2019-ல் நாட்டிலேயே முதன்முறையாகப் பணப் பட்டுவாடா புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நம் வேலூரில்தான். ஏப்ரலில் நடக்க வேண்டியது ஆகஸ்ட் 5-ல் நடந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், மேலே சொன்ன எந்த வழியும் பட்டுவாடாவை நிறுத்தாது. அது கறுப்பு ரொக்கம், நன்கொடைச் சட்டம் அதைத் தொடாது. பறக்கும் படை, வருமான வரித் துறை, தண்டனை, இவற்றின் வேலை அது. ஆனால் டோக்கன் கொடுப்பது நம் தெருவில் நடப்பதால் கண்ணில் படுகிறது. 509 கோடி கைமாறுவது கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவதை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் மற்றது நிம்மதியாக நடக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இருக்கும் வழிகளில் எனக்கு ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால், கொடுப்பவருக்கு வரம்பு கேட்பேன். வேட்பாளரின் செலவை எண்ணுவது வீடியோவைப் பார்த்து யூகிக்கும் வேலை. கொடுப்பவரின் பணம் வங்கி வழியாக, பான் எண்ணோடு வருகிறது. அங்கே எண்ணுவது சுலபம். செல்வாக்கு பிறப்பதும் அங்கேதான். தனிநபர் ஒருவர் எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், நிறுவனங்களுக்கு முழுத் தடை. 2 லட்சம் என்பது என் அபிப்பிராயம். 1 லட்சம் என்று ஒருவர் வாதிட்டால் சண்டை போட மாட்டேன். 1 கோடி என்றால் போடுவேன்.

ஆனால் அதைத் தனியாகக் கேட்க மாட்டேன். பொது நிதி இல்லாமல் வரம்பு மட்டும் வந்தால் அது 1969 மறுபடியும். இரண்டும் ஒரே சட்டத்தில், ஒரே நாளில் அமலுக்கு வர வேண்டும். கட்சிச் செலவு வரம்பு அதற்கு அடுத்து. வரும் பணம் சுருங்கினால் செலவு தானாகச் சுருங்கும் என்பதால் அதற்குக் கொஞ்சம் காத்திருக்கலாம். வேட்பாளர் வரம்பை வாக்காளர் எண்ணிக்கையோடு கட்டி, கட்சி செய்யும் தொகுதிச் செலவையும் அதில் சேர்த்து 1974 தீர்ப்பை உயிர்ப்பிக்கலாம்.

இந்தச் சட்டத்தை எழுத வேண்டியவர்கள் இப்போதைய ஏற்பாட்டில் பலன் பெறுபவர்கள். அதனால் பெரியது உடனே நடக்காது என்று எனக்குத் தெரியும். சிறியது ஒன்று உண்டு, அதை எந்தக் கட்சியும் வெளிப்படையாக எதிர்க்க முடியாது: ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மாற்றி, தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வாக்குப்பதிவு முடியும் வரை 20,000-க்கு மேல் வந்த நன்கொடையை வாரம் ஒருமுறை ஆணையத்தின் தளத்தில் போட வேண்டும் என்ற திருத்தம். வங்கிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் விவரம்தான் அது, புதிதாகத் திரட்ட ஒன்றுமில்லை. உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரிடம் இதைக் கேளுங்கள். அடுத்த தேர்தல் 2029 ஏப்ரல், மே என்று வைத்தால், ஒரு வருடம் முன்னதாக, 2028 பட்ஜெட் கூட்டத்தொடருக்குள் இந்தத் திருத்தம் நிறைவேறியிருக்க வேண்டும்.